ஆண்கள் பக்கத்துத் தட்டு

அந்த விடுதியைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரேயடியாகப் புகழ்ந்தால் இன்னும் அதிகமாக வரும். ஆதரவற்ற கிழவர் கிழவிகளுக்கென்று ஏற்படுத்திய இடம் அது. அங்கே பெண்கள் பக்கத்தில் நான் சில வருஷம் வேலை பார்த்தேன். குளிப்பாட்டுவது, தலை வாருவது, புண் கழுவுவது, துணி மாற்றுவது, சண்டை தீர்ப்பது எல்லாம் என் பொறுப்பு. கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போன என் வீட்டுக்காரர் நெஞ்சில் தூசி அடைத்து அங்கேயே போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு, மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்று சொல்லி எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். வாய் கொஞ்சம் நீளம் என்பதைச் சேர்ந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், பாலாற்று மணல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது அது. முன்பு ஒரு தோல் மண்டிக்காரர், தோல் பதனிடுவதற்கான ஆவாரம் பட்டையை அடுக்கி வைத்திருந்த கிடங்கு. அந்த சாயபு ஹஜ் போய்வந்த கையோடு அதைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார். ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் கமிட்டி என்று ஒன்றை அமைத்தார்கள். மிஷன்காரர்கள் மேட்ரன் அம்மா ஒருவரை அனுப்பிவைத்தார்கள். நீளமான கிடங்கின் நடுவே செங்கல்லால் ஒரு சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள் என்று பிரித்தார்கள். சுவர் கூரை வரை போகவில்லை. அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். நடுவில் ஒரு கதவு இருந்தது, அதன் சாவி மேட்ரன் அம்மாவின் இடுப்பில் இருந்தது. மழைக்காலத்தில் சுவரெல்லாம் பட்டை நாற்றம் அடிக்கும்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மெச்சிவிட்டுத்தான் போவார்கள். மெச்சுவதற்கு விஷயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. படுக்கை விரிப்பு வாராவாரம் வெந்நீரில் வெந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒரு துரும்பு கிடைக்காது. எழுந்திருக்க முடியாதவர்களுக்கு முதுகில் புண் வராதபடி புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தோம். ஒரு அம்மாளைச் சொந்தப் பிள்ளைகளே மாட்டுக் கொட்டகையில் போட்டு வைத்திருந்து, தலை கொள்ளாத பேனோடு கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் அந்த அம்மாள் மற்றவர்களின் தலையைப் பிடித்துவைத்துப் பேன் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். இப்படியெல்லாம் நல்லது நடந்த வீடுதான். அதனால்தான் அந்தத் தாத்தாவின் கதை என் நெஞ்சை விட்டுப் போகாமல் இருக்கிறது. கெட்ட இடத்தில் நடந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

வெயில் தணிந்து காற்று திரும்பிய சமயம், பட்டை ஏற்றிப் போன மாட்டு வண்டி ஒன்று ஒரு கிழவரையும் கிழவியையும் எங்கள் வாசலில் இறக்கிவிட்டது. கிழவர் நல்ல உயரம், இப்போது கூன் விழுந்திருந்தது. இரண்டு கைகளையும் தோள் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்றார். கிழவி குள்ளம், கையில் ஒரு பித்தளைச் சொம்பு. கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் என்று மேட்ரன் அம்மா கேட்டார். "யாருக்கும்மா தெரியும், தாது வருசத்துப் பஞ்சம் முடிஞ்சி கட்டிக்கினோம்" என்றாள் கிழவி.

கணியம்பாடிப் பக்கம் பயிர் செய்த குடும்பம். மழை பொய்த்து நிலம் கைவிட்டுப் போனபோது, ஆம்பூரில் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். அவருக்குக் கிடைத்தது சுண்ணாம்புக் குழி. மயிர் உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, குழிக்குள் இறங்கிப் புரட்டி எடுக்கிற வேலை. சொந்தக்காரர்கள் 'தோலைத் தொட்டவன்' என்று சொல்லி, கல்யாணம் கருமாதி எதற்கும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பிறந்த பிள்ளைகள் வாந்திபேதியில் போய்விட்டன. கடைசியில் குடிசை போட்டிருந்த இடமும் போய், இங்கே வந்து நின்றார்கள்.

மேட்ரன் அம்மா தெற்குச் சீமைக்காரர், பொறுமையாகப் பேசுவார். "பெரியவரே, நீங்கள் அந்தப் பக்கம். அம்மா இந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். இங்கே எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு" என்றார். கிழவிக்குத் திக்கென்றது, முகத்திலேயே தெரிந்தது. "அம்மா, அவருக்கு நான் வந்து..." என்று ஆரம்பித்தாள். கிழவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவர் அந்தக் கதவு வழியாகப் போனார், நான் இவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் மணி அடித்ததும் தட்டு வைத்தோம். கிழவி தொடவில்லை. "யம்மா பொண்ணே, அவரு சாப்ட்டாரான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாயேன்" என்றாள் என்னிடம். பக்கத்துக் கட்டில்காரிகளுக்குச் சிரிப்பு. "இந்த வயசுல இன்னாடி புருசன் மயக்கம்?" என்று ஒருத்தி கிண்டல் செய்தாள். புருஷன் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டுப் பழகிய ஜென்மம், ஒரே நாளில் மாறுமா என்று நினைத்துக்கொண்டு நடுக்கதவைத் தட்டினேன்.

அந்தப் பக்கம் வேலை பார்த்தவர் ஜெர்மன் சண்டைக்குப் போய்வந்த பட்டாளத்துக்காரர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். இருபது முப்பது கிழவர்களை ஒற்றை ஆளாகச் சமாளித்தார். யாரையும் அடிக்க மாட்டார், ஏச மாட்டார், ஆனால் எல்லாவற்றையும் பட்டாளத்து வேகத்தில் முடித்துவிடுவார். "புதுசா வந்த தாத்தா சாப்ட்டாரா அண்ணே?" என்று கேட்டேன்.

"வச்சாச்சு, வச்சாச்சு" என்றார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே.

நான் வந்து "வச்சாச்சாம் ஆயா" என்றேன். கிழவி பேருக்கு இரண்டு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

தினமும் இதுவே நடந்தது. அவள் கேட்பாள், நான் போய்க் கேட்பேன், 'வச்சாச்சு' என்று பதில் வரும். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து வேறு சேதி வர ஆரம்பித்தது. தாத்தா தட்டைத் தொடுவதே இல்லை. காலைக் கஞ்சியை மட்டும் லோட்டாவை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு குடித்துவிடுகிறார். மத்தியானச் சோறு, ராத்திரிக் களி எதுவும் உள்ளே போவதில்லை. தட்டுக்கு முன்னால் கைகளைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, எல்லோரும் சாப்பிட்டு முடிகிற வரை மரியாதையாக உட்கார்ந்திருக்கிறார். தட்டு வைத்தபடியே திரும்பிப் போகிறது.

எங்கள் ஊரில் ஒரு ஆள் இன்னொருவர் சமைத்ததைத் தொடவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். எங்கள் சமையற்காரர் கிறிஸ்தவர், அவருடைய அப்பா காலத்தில் வேதத்துக்கு வந்த குடும்பம், சேரியிலிருந்து வந்தவர். புதுக் கிழவர் பயிர்க்குடி. அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? "சாதி பாக்கறாரும்மா" என்றார் பட்டாளத்து அண்ணன். "கஞ்சி மட்டும் குடிக்கிறாரே, அதையும் அதே ஆள்தானே காய்ச்சறாரு?" என்று நான் கேட்டேன். "தண்ணியா குடிச்சா தீட்டு இல்லன்னு ஒரு கணக்கு வச்சிருப்பாரு" என்றார். அதற்கும் தலையாட்ட அங்கே ஆள் இருந்தது.

மேட்ரன் அம்மாவுக்கு இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கிற பேச்சே கிடையாது. ஒரே அடுப்பு, ஒரே பானை, ஒரே பந்தி என்பது அவர் பிடித்துவைத்த சட்டம். அதில் எனக்கு இன்றைக்கும் அவரோடு சண்டை இல்லை. முன்பு ஒரு பெரிய மனுஷர் இதே மாதிரி தட்டை ஒதுக்கி, தனக்குத் தனியாகச் சமைக்க வேண்டும் என்று அடம் பிடித்தார். மேட்ரன் அம்மா அசைந்துகொடுக்கவில்லை. இரண்டு மூன்று நாளில் அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார். கமிட்டிக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். ஆகவே இந்தத் தாத்தாவுக்கும் அதே வைத்தியம்தான் என்று முடிவாயிற்று. "பசி வந்தால் தானாகச் சாப்பிடுவார். யாரும் கெஞ்ச வேண்டாம்" என்று மேட்ரன் அம்மா உத்தரவு போட்டார்.

ஒருநாள் கிழவியின் கட்டிலுக்கு அருகே பாய் மடித்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டில் மோர்ச் சோறு. அதை அவள் பிசைந்துகொண்டே இருந்தாள். பருக்கை என்று ஒன்று தெரியாத அளவுக்கு, விரலால் நசுக்கி நசுக்கி, குழம்பு ஒரு சொட்டுப் படாமல் ஒதுக்கிவிட்டு, பால்குடி மறந்த குழந்தைக்குப் பிசைகிற மாதிரி பிசைந்தாள். பிறகு ஒரு உருண்டை எடுத்துத் தன் வாய்க்குக் கொண்டுபோகாமல் எதிரே நீட்டினாள். எதிரில் யாரும் இல்லை. கை அப்படியே நின்றது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் வெடுக்கென்று கையைத் தட்டில் போட்டுவிட்டாள்.

"யாருக்கு ஆயா ஊட்டற?" என்றேன் விளையாட்டாக.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "அவரு கைய நீ பாத்திருக்கியா? யாரும் பாத்திருக்க மாட்டீங்க. காட்ட மாட்டாரு. நகம் ஒண்ணுகூட கெடையாது. விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு தின்னுட்டுது. வெறும் செவப்புச் சதை. சோத்துல உப்பு பட்டாலே உசுரு போயி உசுரு வரும், கொழம்புன்னா கேக்கவே வாணாம். எத்தினியோ வருசமா நாந்தான் ஊட்டறேன். கதவச் சாத்திட்டு ஊட்டுவேன். பக்கத்து வூட்டுக்கும் தெரியாது. பொண்டாட்டி கையால துன்றவன்னு சொல்லிப்புடுவாங்கன்னு அவருக்கு அம்மாம் வெக்கம். நீ யார்கிட்டயும் சொல்லாதம்மா. சொன்னா அவரு என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாரு."

தோலைத் தொட்டதற்காகச் சாதி சனமே தள்ளிவைத்த மனுஷன், சாதி பார்க்கிறார் என்ற பழியைச் சுமந்துகொண்டு பட்டினி கிடக்கிறார். 'விரல் எரிகிறது' என்று சொன்னால் போதும். அதைச் சொல்வதைவிட அந்தப் பழி அவருக்குப் பரவாயில்லை என்று தோன்றியிருக்கிறது. ஆண்பிள்ளைகளின் வெட்கத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவரைத் திட்ட அன்றைக்கு மனசு வரவில்லை.

அவள் சொல்லாதே என்றாள், நான் நேராக மேட்ரன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அதற்காக நான் வருத்தப்படவே இல்லை. மேட்ரன் அம்மா கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அடடா, பாவம்" என்றார். பொய்யாகச் சொல்லவில்லை, கண் கலங்கித்தான் சொன்னார்.

"சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் ஆயாவ அந்தப் பக்கம் விடுங்கம்மா. ஊட்டிட்டு வந்துடட்டும்" என்றேன்.

"அது எப்படி முடியும்? அங்கே ஆண்கள் அரையில் துணி விலகிக் கிடப்பார்கள். ஒரு பெண்ணை உள்ளே விட்டால் கமிட்டி என்ன சொல்லும்? நாளைக்கு ஊர் என்ன பேசும்? விடுதிக்குப் பேர் கெட்டால் எல்லோருக்கும்தான் கஷ்டம்."

"முற்றத்துல உக்காந்து ஊட்டட்டும்."

"எல்லோரும் பார்க்கிற இடத்திலா? அவருக்கே அது பிடிக்காது என்கிறாயே" என்றார். "கரண்டி கொடுப்போம். விரல் படாது. நம் ஆளே ஊட்டிவிடட்டும்" என்று முடித்தார். கேட்டவர்கள் யாருக்கும் அது நியாயமாகத்தான் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது.

கரண்டியைப் பிடிக்க அவர் விரல்களால் முடியவில்லை. பட்டாளத்து அண்ணன் ஊட்டினார். இன்னும் பத்துப் பேர் தட்டோடு காத்திருக்கும்போது ஒருவர் வாயில் கரண்டி எப்படிப் போகுமோ அப்படிப் போயிற்று. பல் இல்லாத ஈறில் இரும்பு இடித்தது. சூடு ஆறவில்லை. முந்தின வாய் இறங்குவதற்குள் அடுத்தது வந்து நின்றது. இரண்டாம் நாளே தாத்தா உதட்டை இறுக்கிக்கொண்டார். "நல்லாத்தான் ஊட்டறேன், வாயத் தொறக்க மாட்டேன்றாரு. சாதிதான்னு நான் சொன்னப்ப நம்பல. இது வெரல் விசயமே இல்ல" என்று அண்ணன் வந்து சொன்னார்.

மேட்ரன் அம்மா நேரில் கேட்டுவிடுவது என்று ஆண்கள் பக்கம் போனார். சாப்பாட்டு நேரம், பந்தி முழுக்க ஆட்கள். "பெரியவரே, உங்களுக்கு என்ன குறை? கை வலிக்கிறதா? வெட்கப்படாமல் சொல்லுங்கள்" என்று கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. பந்தியில் சளசளப்பு நின்றது. அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

"ஒரு கொறையும் இல்ல தாயி" என்றார் தாத்தா.

கிழவி என் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள், சத்தம் வராமல்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. கிழவி அங்கே போய் அவருக்கு ஊட்ட முடியாது, சரி. கிழவி பிசைந்த சோற்றை இங்கிருந்து அனுப்பினால்? அவள் கூழாகப் பிசைந்து, மோர் விட்டுத் தளர்த்தி, தன் சொம்பில் போட்டுக் கொடுத்தாள். முற்றத்தில் அண்ணனைப் பிடித்துக் கெஞ்சிக் கூத்தாடி, பந்தியில் வேண்டாம், அவருடைய கட்டிலிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள் என்று சொன்னேன். சொம்பு காலியாக வந்தது. கிழவி அதற்குள் கையைவிட்டுத் துழாவிப் பார்த்தாள். பிறகு தன் தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்து, வந்த நாளிலிருந்து முதன்முறையாக வயிறாரச் சாப்பிட்டாள். மறுநாளும் காலி. அதற்கடுத்த நாளும் காலி. சுவருக்கு அந்தப் பக்கத்து இருமலில்கூடக் கொஞ்சம் பலம் வந்திருக்கிறது என்றாள் கிழவி. அத்தனை இருமலுக்கு நடுவில் அவர் இருமல் எது என்று அவளுக்குத் தெரியும். நான் அந்த வாரம் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தேன், மேட்ரன் அம்மா அதட்டுகிற வரை.

அந்தச் சந்தோஷம் கிணற்றடியில் போயிற்று. பட்டாளத்து அண்ணன் தண்ணீர் இறைத்துக்கொண்டே சமையற்காரரிடம் சொன்னார்: "அந்தத் தாத்தா எப்டி துன்றாருன்னு தெரியுமா? கைய வைக்கறதே இல்ல. செவுத்துப் பக்கம் திரும்பிக்கினு, சொம்புல மூஞ்ச உட்டுக்கினு நாய் மாதிரி நக்கறாரு." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பட்டாளத்துக் கதை, ரயில் கதை எல்லாம் சொல்கிற மாதிரி இதையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த கிழவர்கள் சிரித்தார்கள். துண்டைப் போர்த்திக்கொண்டு தன் முறைக்காகக் காத்து உட்கார்ந்திருந்தவர்களில் தாத்தாவும் ஒருவர்.

அன்று மத்தியானம் சொம்பு நிரம்பியபடி திரும்பி வந்தது. மறுநாள் காலைக் கஞ்சியையும் அவர் வாங்கவில்லை.

நான் அண்ணனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாம சொல்லிட்டேம்மா, பேஜாரா பூட்டுது" என்றார். அதன் பிறகு அவராகவே கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக, ஆற்றி ஆற்றி ஊட்டிப் பார்த்தார். தாத்தா வாயைத் திறக்கவில்லை. டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டு, வியாதி ஒன்றும் இல்லை, வயோதிகம், மூன்று வேளையும் கஞ்சி கொடுங்கள் என்று சொல்லிப் போனார். கஞ்சி தலைமாட்டில் ஏடு கட்டிக் கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை முற்றத்துக்கு எழுந்து வரவும் அவரால் முடியவில்லை.

நான் மறுபடியும் மேட்ரன் அம்மாவிடம் போய் நின்றேன். இந்தத் தடவை கெஞ்சவில்லை, கத்தினேன். "அவருக்கு வேண்டியது கஞ்சியும் இல்ல, கரண்டியும் இல்ல. கதவச் சாத்திட்டு அந்தக் கிழவிய உள்ள விடுங்க. அவ்ளோதான்." மேட்ரன் அம்மா என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அவர் முகமும் வாடிப்போயிருந்தது. "நானாக அந்த விதியை மாற்ற முடியாது. கமிட்டி கூடும்போது கேட்கிறேன். நிச்சயமாகக் கேட்கிறேன்" என்றார். கமிட்டித் தலைவர் ஏலகிரிக்குப் போயிருந்தார். அவர் மலையிலிருந்து இறங்கி வந்த பிறகு கூட்டம் என்று சொன்னார்கள்.

அன்று மத்தியானப் பந்தி முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்த நேரம், கிழவி எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நாலு பேர் கேட்க ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படிப்பட்டவள் சுவரைப் பார்த்து முகத்தைத் தூக்கிக்கொண்டு, "இந்தா பாரு, கொஞ்சம் குடி. எனக்காவக் குடி" என்று சத்தமாகச் சொன்னாள். இரண்டு பக்கமும் கேட்டிருக்கும். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு இருமல் மட்டும் கேட்டது. அது அவருடையதா என்று நான் கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

பிறகு ஒரு காலையில் நான் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது, கிழவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். "இருமல் கேக்கலம்மா" என்றாள். நான் நடுக்கதவைத் தட்டப் போனேன். தட்டுவதற்கு முன்பே அண்ணன் முற்றத்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கமிட்டித் தலைவர் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை.

சொந்தக்காரர் என்று சொல்லிக்கொண்டு யாரும் வரவில்லை. அண்ணனும் சமையற்காரரும் சேர்ந்து குளிப்பாட்டி, புதுத் துணி போர்த்தி, நெற்றியில் விபூதி பூசி, ஆண்கள் பக்கத்து நடுக்கூடத்தில் படுக்க வைத்தார்கள். மேட்ரன் அம்மா வேதக்காரராக இருந்தாலும், யாருக்கு எந்தச் சடங்கோ அது குறையக் கூடாது என்பதில் கண்டிப்பானவர். "அவர்கள் வழக்கத்தில் வாய்க்கரிசி போடுவார்கள் அல்லவா? அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இடுப்புச் சாவியை எடுத்து நடுக்கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவைத்தார்.

யாரும் கமிட்டியைக் கேட்கவில்லை. யாரும் ஊர் என்ன பேசும் என்று நினைக்கவில்லை. கிழவர்கள் எல்லோரும் வேட்டியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு, சுவர் ஓரமாக நின்று வழி விட்டார்கள். அவ்வளவு சுலபமான காரியமாக இருந்தது அது. அந்த நிலைப்படியைத் தாண்டும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் எதையாவது எடுத்து உடைக்க வேண்டும் போல இருந்தது. கிழவியின் தோளைப் பிடித்திருந்ததால் சும்மா இருந்தேன்.

அவள் அழவில்லை. அவருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். போர்த்தியிருந்த துணிக்கு வெளியே தெரிந்த அவருடைய கைகளை முதலில் உள்ளே தள்ளி மூடினாள். அண்ணன் தட்டில் அரிசியை நீட்டினார். அவள் ஒரு பிடி எடுத்தாள். எடுத்தவள் போடாமல் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள். மேட்ரன் அம்மா, அண்ணன், சமையற்காரர், சுவர் ஓரம் நின்ற கிழவர்கள், நான் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் அப்பிடித் திரும்பிக்குங்க" என்றாள். "நீங்க பாத்தா அவரு வாயத் தொறக்க மாட்டாரு."

முதலில் பட்டாளத்து அண்ணன் திரும்பினார். பிறகு நாங்கள் எல்லோரும் திரும்பிக்கொண்டோம், மேட்ரன் அம்மாவும்.